உப்பிலுள்ள அயோடினும் வளரும் மூளையின் மரபணுக்களும்

கருவில் வளரும் மூளையின் செல்களில் எந்த மரபணு எப்போது செயல்பட வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் தைராய்டு ஹார்மோன் முதன்மையான ஒன்று. இந்த ஹார்மோன் உருவாக அயோடின் என்னும் தனிமம் கட்டாயம் தேவை. அதற்கு மாற்று கிடையாது. இந்தியாவில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அயோடின் கிடைக்கும் உறுதியான வழி சமையல் உப்பு. ஆனால் உப்பளத்தில் இயல்பாக விளையும் உப்பில் அயோடின் ஏறக்குறைய இல்லை. விளைந்த பிறகே அது சேர்க்கப்படுகிறது. உப்பு உற்பத்தியில் நாட்டின் முன்னணி மாநிலங்களுள் ஒன்றான தமிழ்நாடு, போதிய அயோடின் உள்ள உப்பை வீடுகளில் பயன்படுத்துவதில் மிகவும் பின்தங்கியிருக்கிறது. கடற்கரை உப்பளத்துக்கும் கருவிலுள்ள குழந்தையின் மூளைச் செல்லுக்கும் இடையே உள்ள இந்தத் தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

மரக்காணம் உப்பளம்: அயோடின் எங்கே போகிறது?

விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் அமைந்துள்ளது. பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் கழுவேலி ஏரியும் இதனருகில் உள்ளன. சாலையின் ஓரமாகவே கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கும். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்து, தமிழ்நாட்டில் பெயர்பெற்ற உப்பளப் பகுதி இது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு பாத்திகளைச் சீர்செய்து, உவர்நீரைத் தேக்கி, வெயிலில் காயவிடுகிறார்கள். நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர நகர அதன் அடர்த்தி கூடுகிறது. முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிகின்றன. அடர்த்தி போமே அளவில் ஏறக்குறைய 25 டிகிரியை எட்டும்போது சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்குகிறது. மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமினும் தங்கிவிடுகின்றன. அந்த நீரை வடித்துவிட்டு உப்பை வாரிக் குவிப்பார்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அந்த ஆண்டின் வேலை முடிந்தது.

கடல்நீரில் அயோடின் உண்டு என்பது பள்ளிப் பாடம். எனவே கடல் உப்பிலும் அயோடின் இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள அயோடின் ஏறக்குறைய 50 முதல் 60 மைக்ரோகிராம். அதே நீரில் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். ஒரு கிலோ உப்புக்கு ஏறக்குறைய 37 லிட்டர் கடல்நீர் வேண்டும். அதிலுள்ள அயோடின் முழுவதும் உப்போடு சேர்ந்து வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்பவருக்கு அதன்மூலம் 20 மைக்ரோகிராம் கிடைக்கும். வளர்ந்த ஒருவரின் தேவையோ 150 மைக்ரோகிராம்.

உண்மையில் அந்த 2 மில்லிகிராமும் வருவதில்லை. அயோடைடு அயனி குளோரைடு அயனியைவிடப் பெரியது. உப்புப் படிகத்தின் கட்டமைப்புக்குள் அது எளிதில் பொருந்தாது. ஆகவே படிகம் உருவாகும்போது அயோடின் பெரும்பாலும் கசப்பு நீரிலேயே விடப்படுகிறது. கடலிலிருந்து நேராக வந்த கல்லுப்பு என்பதாலேயே ஓர் உப்பில் அயோடின் இருந்துவிடாது. மலையிலிருந்து வெட்டியெடுக்கும் இந்துப்புக்கும் இதே நிலைதான். கடல் மீனிலும் பாலிலும் முட்டையிலும் ஓரளவு அயோடின் உண்டு. ஆனால் அது உண்ணும் அளவையும், கால்நடை மேயும் மண்ணையும் பொறுத்து மாறும். பயிர்களுக்கு மண்ணிலிருந்து கிடைக்கும் அயோடினும் அப்படித்தான். மழை அதைத் தொடர்ந்து கழுவிக் கடலில் சேர்த்துவிடுகிறது.

ஒரே மரபணுத் தொகுதி, வெவ்வேறு செல்கள்

உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ. தான் இருக்கிறது. கல்லீரல் செல்லிலும் மூளையின் நரம்புச் செல்லிலும் உள்ள மரபணுக்கள் ஒன்றே. வேறுபாடு, அவற்றுள் எவை படிக்கப்படுகின்றன என்பதில் உள்ளது. ஒரு மரபணுவிலுள்ள செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அதிலிருந்து புரதம் உருவாவதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம்.

ஒரு மரபணு படியெடுக்கப்படுமா என்பது பெருமளவு அதன் தொடக்கப் பகுதியிலும் சுற்றியுள்ள கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் வந்து அமரும் புரதங்களைப் பொறுத்தது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. நூல்கண்டில் இறுகச் சுற்றிய பகுதியைப் படிக்க முடியாது. தளர்ந்த பகுதியைப் படிக்கலாம். ஹிஸ்டோன்களில் அசிட்டைல் தொகுதிகள் ஒட்டப்பட்டால் சுற்று தளர்கிறது. அவை நீக்கப்பட்டால் இறுகுகிறது. மூளை வளர்ச்சியில் இந்த இறுக்கமும் தளர்ச்சியும் இடத்துக்கு இடம், வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருக்கும். பிரிந்து பெருகும் முன்னோடிச் செல், பெருகுவதை நிறுத்தி நரம்புச் செல்லாக மாறி, தனக்குரிய அடுக்குக்கு நகர்ந்து, கிளைகள் விட்டு, மற்றச் செல்களோடு இணைய வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் சில மரபணுக்கள் திறக்கப்படுகின்றன, சில மூடப்படுகின்றன.

இந்த மாற்றங்களில் பலவற்றைச் செல்லின் உள்ளேயுள்ள நிரலே நடத்துகிறது. ஆனால் மூளையின் ஒரு பகுதியில் நடப்பதும் மற்றொரு பகுதியில் நடப்பதும் காலத்தால் ஒத்துப்போக வேண்டுமானால் எல்லாச் செல்களுக்கும் பொதுவான ஒரு செய்தி வேண்டும். தைராய்டு ஹார்மோன் அப்படிப்பட்ட ஒரு செய்தி. அது எந்தச் செல்லையும் புதிதாகப் படைப்பதில்லை. ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கும் செல்லுக்கு, அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று தெரிவிக்கிறது.

கழுத்திலிருந்து மூளைச் செல்லின் உட்கரு வரை

உடலிலுள்ள அயோடினில் பெரும்பங்கு கழுத்தின் முன்பக்கத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் சேமிக்கப்படுகிறது. இரத்தத்திலிருந்து அயோடைடை இழுத்து, ஒரு பெரிய புரதத்தில் ஒட்டி, அதிலிருந்து தைராக்சினை அது வெட்டியெடுக்கிறது. தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. எனவே இதை டி4 என்பர். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான். நான்கில் ஒன்றை நீக்கினால் கிடைப்பது டி3. மரபணுக்களின் மேல் உண்மையில் செயல்படுவது டி3. இரத்தத்தில் அதிகம் ஓடுவது டி4.

மூளையின் ஏற்பாடு இங்கே சிறப்பானது. வளரும் மூளை தனக்கு வேண்டிய டி3-இல் பெரும்பங்கை இரத்தத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. டி4-ஐ உள்ளே வாங்கித் தானே மாற்றிக்கொள்கிறது. ஆஸ்ட்ரோசைட் எனப்படும் விண்மீன் வடிவத் துணைச் செல்களில் உள்ள ஒரு நொதி, டி4-இலிருந்து ஓர் அயோடினை நீக்கி டி3 ஆக்குகிறது. அந்த டி3 பக்கத்திலுள்ள நரம்புச் செல்லுக்குப் போகிறது. நரம்புச் செல்லில் இருக்கும் வேறொரு நொதி, வேலை முடிந்ததும் டி3-ஐச் செயலிழக்கச் செய்கிறது. மூளையின் எந்தப் பகுதியில் எந்த நாளில் எவ்வளவு டி3 இருக்க வேண்டும் என்பது இவ்விரு நொதிகளின் ஏற்ற இறக்கத்தால் அமைகிறது. நஞ்சுக்கொடியிலும் டி3-ஐ அழிக்கும் நொதி நிறைய உண்டு. உரிய காலத்துக்கு முன்பே டி3 மிகுந்தாலும் கேடுதான். பெருக வேண்டிய செல்கள் பெருகாமலேயே முதிர்ந்துவிடும்.

ஹார்மோன் செல்லுக்குள் நுழையவும் வாயில் வேண்டும். எம்.சி.டி.8 என்ற கடத்துப் புரதம் அத்தகைய ஒன்று. இதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அதில் பிழை நேர்ந்த ஆண் குழந்தைகளுக்கு இரத்தத்தில் டி3 மிகுதியாகவே இருக்கும். மூளையோ ஹார்மோன் இன்றி வாடும். தசைத் தளர்ச்சி, பேச்சின்மை, கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை தோன்றும். 1944-இல் விவரிக்கப்பட்ட இந்நோயின் காரணம் 2004-இல்தான் தெரிந்தது. இரத்தப் பரிசோதனையில் காணும் அளவு மூளையின் நிலையைச் சொல்லிவிடாது என்பதற்கு இது சரியான எடுத்துக்காட்டு.

ஏற்பி: காலியாக இருந்தாலும் சும்மா இருப்பதில்லை

தைராய்டு ஹார்மோன் செல்லின் ஆற்றல் உற்பத்தியைத்தான் நேரடியாகத் தூண்டுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றிய ஆய்வுகளில் மும்பையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய ஜாம்ஷெட் டாட்டாவின் ஆய்வுக்கு முக்கிய இடம் உண்டு. ஆர்.என்.ஏ. படியெடுத்தலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் தைராய்டு ஹார்மோனின் விளைவும் நின்றுபோகிறது என்று 1963-இல் அவர் காட்டினார். ஹார்மோன் வேலை செய்ய வேண்டுமானால் மரபணுக்கள் படிக்கப்பட வேண்டும் என்று இதிலிருந்து புலனாயிற்று. 1970-களில் செல்லின் உட்கருவில் டி3 போய் ஒட்டும் இடங்கள் கண்டறியப்பட்டன. 1986-இல் அந்த ஏற்பிப் புரதத்தின் மரபணு இரு ஆய்வுக் குழுக்களால் ஒரே நேரத்தில் அடையாளம் காணப்பட்டது.

மனிதரில் இந்த ஏற்பிகளுக்கு ஆல்பா, பீட்டா என இரண்டு மரபணுக்கள் உள்ளன. வளரும் மூளையில் மிகுதியாக இருப்பது ஆல்பா-1 வகை. டி.என்.ஏ.வில் ஏ.ஜி.ஜி.டி.சி.ஏ. என்னும் ஆறெழுத்து வரிசை, நான்கு எழுத்து இடைவெளி விட்டு இருமுறை வரும் இடங்களில் ஏற்பி பெரும்பாலும் அமர்கிறது. தனியாக அன்று, ஆர்.எக்ஸ்.ஆர். என்ற மற்றோர் ஏற்பியோடு இணைந்து அமர்கிறது.

ஹார்மோன் வந்த பிறகு ஏற்பி போய் டி.என்.ஏ.வில் அமர்வதாக எண்ணத் தோன்றும். வேறு சில ஹார்மோன்களில் அப்படித்தான் நடக்கிறது. தைராய்டு ஏற்பியோ ஹார்மோன் இல்லாதபோதே டி.என்.ஏ.வின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்போது அது துணை ஒடுக்கி எனப்படும் புரதங்களைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். அவை ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கும் நொதியை அழைத்து வருகின்றன. சுற்று இறுகுகிறது, மரபணு மூடியே கிடக்கிறது. டி3 வந்து ஏற்பியின் குழிவில் பொருந்தியதும் ஏற்பிப் புரதத்தின் கடைசிச் சுருள் மடங்கி இடம் மாறுகிறது. துணை ஒடுக்கிக்கு இனிப் பிடிமானம் இல்லை, அது விலகுகிறது. அதே இடத்தில் துணை ஊக்கிகள் வந்து ஒட்டுகின்றன. இவை அசிட்டைல் தொகுதிகளைச் சேர்ப்பவை. சுற்று தளர்ந்து படியெடுத்தல் தொடங்குகிறது. சில மரபணுக்களில் இதற்கு நேர்மாறாக, டி3 வந்ததும் வெளிப்பாடு குறைவதும் உண்டு.

எனவே ஹார்மோன் இல்லாத நிலை வெறும் இல்லாமை அன்று. காலி ஏற்பி ஒவ்வொன்றும், திறக்க வேண்டிய மரபணுவைத் தொடர்ந்து மூடிவைத்திருக்கும் காவலாளி. அயோடின் குறைபாட்டின் கேடு ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட உதவும் செய்தி வேறில்லை. பாடநூல்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன.

இதற்கு எலிகளில் தெளிவான சான்று கிடைத்தது. தைராய்டு ஹார்மோன் இல்லாமல் வளரும் எலிக்குட்டியின் சிறுமூளை சிதைவோடு உருவாகிறது. ஆல்பா-1 ஏற்பியே இல்லாமல் பிறந்த எலிகளில் ஹார்மோனையும் நீக்கினால் என்ன ஆகும்? கேடு இரட்டிக்கும் என்று எதிர்பார்க்கலாம். மாட்ரிட் நகர ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: அந்த எலிகளின் சிறுமூளையில் ஹார்மோன் குறைவுக்கே உரிய சிதைவுகள் தோன்றவில்லை. பூட்டிவைக்கும் ஏற்பி இல்லாததால் பூட்டும் இல்லை.

மனிதரில் இதற்கு இணையான சான்று 2012-இல் கிடைத்தது. ஆல்பா ஏற்பியின் மரபணுவில் பிழையோடு பிறந்த ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஹார்மோன் அளவுகள் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தன. ஆனால் வளர்ச்சி குன்றுதல், எலும்பு வளர்ச்சித் தாமதம், மலச்சிக்கல் எனத் தைராய்டு குறைவின் அடையாளங்கள் பல காணப்பட்டன. அக்குழந்தையின் ஏற்பியால் டி3-ஐ ஏற்கவும் இயலவில்லை, துணை ஒடுக்கியை விடவும் இயலவில்லை.

திறக்கப்படும் மரபணுக்கள்

டி3-க்கு மிக விரைவாக மறுமொழி தரும் மரபணுக்களில் கே.எல்.எஃப்.9 ஒன்று. அது தரும் புரதமும் ஒரு மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதமே. எனவே ஒரு திறப்பு பல திறப்புகளுக்கு வழிவிடுகிறது. நியூரோகிரானின் என்ற மரபணு, நரம்புச் செல்கள் சந்திக்கும் இடங்களில் செய்திப் பரிமாற்றத்துக்கு உதவும் புரதத்தைத் தருகிறது. இதுவும் ஹார்மோனின் கட்டுப்பாட்டில் உள்ளது.

நரம்பிழைகளைச் சுற்றி மின்கம்பியின் உறை போல் அமையும் மயலின் மற்றோர் எடுத்துக்காட்டு. அதை உருவாக்கும் ஒலிகோடென்ட்ரோசைட் செல்களின் முன்னோடிகள், டி3 வரும் வரை பெருகிக்கொண்டிருக்கும். டி3 வந்ததும் பெருகுவதை நிறுத்தி முதிர்ந்து மயலின் புரதங்களின் மரபணுக்களைத் திறக்கின்றன. ஹார்மோன் இல்லாத எலிகளிலும் இம்மரபணுக்கள் பின்னாளில் தாமாகவே ஓரளவு திறந்துகொள்வது உண்டு. ஆனால் அதற்குள் உறை போட வேண்டிய காலம் கடந்திருக்கும். உறை பெற்ற இழைகளின் எண்ணிக்கை குறைந்தே நிற்கும்.

சிறுமூளையில் துகட்செல்கள் மேற்பரப்பில் பிறந்து உள்நோக்கி இறங்க வேண்டும். புர்கின்ஜி செல்கள் மரம் போல் கிளைவிட்டு அவற்றோடு இணைய வேண்டும். ஹார்மோன் குறைந்தால் இறக்கம் தாமதமாகிறது, கிளைகள் கட்டையாகின்றன. உடல் அசைவின் ஒருங்கிணைப்புக் குறைவதற்கு இது ஒரு காரணம்.

இந்த ஹார்மோனின் ஆற்றலை முதலில் கண்கூடாகக் காட்டியவை தலைப்பிரட்டைகள். 1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர், விலங்குகளின் தைராய்டு சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்கு உணவாகக் கொடுத்தார். அவை உரிய காலத்துக்கு முன்பே வால் சுருங்கிக் கால் முளைத்துக் குட்டித் தவளைகளாயின. ஒரே ஹார்மோன் வாலில் செல்களை அழிக்கிறது, இடுப்பில் காலை முளைக்கச் செய்கிறது. செய்தி ஒன்றுதான், அதைப் படிக்கும் செல் எதற்கு ஆயத்தமாக இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. தலைப்பிரட்டையின் மூளையிலும் டி3-க்கு விரைந்து திறப்பது கே.எல்.எஃப்.9 மரபணுவே.

தாயின் தைராக்சினும் முதல் மாதங்களும்

கருவின் தைராய்டு சுரப்பி அயோடினை ஈர்க்கத் தொடங்குவது ஏறக்குறைய 10 முதல் 12-ஆம் வாரத்தில். அது போதிய அளவு ஹார்மோன் சுரக்க மேலும் பல வாரங்கள் ஆகும். ஆனால் கருவின் மூளையில் ஏற்பிகள் 10-ஆம் வாரம் அளவிலேயே காணப்படுகின்றன. பெருமூளைப் புறணிக்கான நரம்புச் செல்கள் பிறந்து தம் அடுக்குகளை நோக்கி நகர்வதும் இக்காலத்தில்தான். அதாவது ஏற்பிகள் டி.என்.ஏ.வில் காத்திருக்கும் முதல் மாதங்களில், கருவுக்கு வேண்டிய ஹார்மோன் முழுவதும் தாயிடமிருந்தே வர வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. உணவில் அயோடின் குறைந்தால், இருக்கும் அயோடினைச் சிக்கனப்படுத்தும் பொருட்டுத் தாயின் சுரப்பி டி4-ஐக் குறைத்து டி3-ஐக் கூடுதலாகச் சுரக்கிறது. ஒரு மூலக்கூறுக்கு ஓர் அயோடின் மிச்சம். தாயின் உடலுக்கு அதுவே போதும். அவருக்குச் சோர்வோ கழுத்து வீக்கமோ தெரியாமலே போகலாம். ஆனால் முன்பு கண்டபடி, கருவின் மூளை டி4-ஐ வாங்கித்தான் தனக்கான டி3-ஐச் செய்துகொள்கிறது. தாய் நலமாக இருக்க, கருவின் மூளை குறைவை அனுபவிக்கிறது. ஸ்பெயினில் கப்ரியேலா மொர்ரியாலே தே எஸ்கோபாரின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் எலிக்குச் சூல்காலத் தொடக்கத்தில் மிகச் சில நாட்கள் மட்டும் தைராக்சின் சற்றே குறைந்ததும், குட்டிகளின் பெருமூளைப் புறணியில் செல்கள் தவறான இடங்களில் குடியேறியிருந்தன.

மனிதரில் இதன் காலக்கெடு பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதிகளில் தெரியவந்தது. அங்கு நடத்திய சோதனையில் ஒரு பகுதிப் பெண்களுக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசியாகப் போடப்பட்டது. மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி. 1971-இல் வெளியான முடிவின்படி, கருவுறுவதற்கு முன்பே அயோடின் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளிடம் கிரெட்டினிசம் எனப்படும் கடுமையான மூளைக் குறைபாடு தடுக்கப்பட்டது. கருவுற்ற பிறகு பெற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு உறுதியாக இல்லை. இலேசான குறைபாடும் புறக்கணிக்கத்தக்கதன்று. பிரிட்டனில் 2013-இல் வெளியான ஆய்வில், கருவுற்ற தொடக்கத்தில் அயோடின் சற்றுக் குறைவாக இருந்த தாய்மார்களின் குழந்தைகள் எட்டு, ஒன்பது வயதில் சொல்லறிவிலும் வாசிப்பிலும் பின்தங்க வாய்ப்பு அதிகம் எனத் தெரிந்தது.

பிறவியிலேயே தைராய்டு சுரப்பி சரியாக அமையாத குழந்தைகளின் நிலை வேறு. ஏறக்குறைய ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்றாக இது நேர்கிறது. தாயின் ஹார்மோன் ஓரளவு காத்துவந்திருப்பதால், பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கினால் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் இயல்பாக வளர்கின்றனர். குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் இதைக் கண்டுவிடலாம். பல மாதங்கள் கழித்துத் தொடங்கும் மருந்தால் உடல் தேறும். கடந்துபோன மூளை வளர்ச்சி முழுமையாகத் திரும்பாது.

இந்தியாவில் அயோடின் உப்பு

இமயமலை அடிவாரத்தில் முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் வி. இராமலிங்கசுவாமியும் குழுவினரும் ஒரு பெரிய கள ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, இரண்டில் அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றில் சாதாரண உப்பும் வழங்கினர். அயோடின் பெற்ற மண்டலங்களில் பள்ளிக் குழந்தைகளிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. சிக்கல் கழுத்தில் மட்டும் இல்லை என்பது தெளிவான பின், 1992-இல் அதன் பெயர் தேசிய அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என மாற்றப்பட்டது.

அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்கு விற்கக்கூடாது என்ற மத்திய அரசின் தடை 1998-இல் நடைமுறைக்கு வந்து, 2000-இல் விலக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் வந்தது. சிறு உப்பு உற்பத்தியாளர்களின் பிழைப்பு, மக்களின் விருப்பத் தேர்வு ஆகியவை எதிர்ப்புக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2011-இல் உச்ச நீதிமன்றம் அன்றைய விதியைச் செல்லாது என்றது. ஆனால் மாற்று ஏற்பாடு செய்ய அரசுக்கு அவகாசமும் தந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான 2011-ஆம் ஆண்டு விதிகளால் தடை தொடர்கிறது.

விதிப்படி உற்பத்தி இடத்தில் உப்பில் அயோடின் கிலோவுக்கு 30 மில்லிகிராமும், கடையில் வாங்கும்போது 15 மில்லிகிராமும் குறையாமல் இருக்க வேண்டும். இந்தியாவில் இதற்குப் பொட்டாசியம் அயோடேட் கரைசல் தெளிக்கப்படுகிறது. ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த நாட்டில் அயோடைடைவிட அயோடேட் நிலைத்து நிற்கும். ஒரு டன் உப்புக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 50 கிராம் அயோடேட் மட்டுமே. செலவு மிகக் குறைவு. கடினமானது, அந்தச் சிறு அளவைக் குவியல் முழுவதும் சீராகப் பரப்புவது. பெரிய ஆலைகளில் இயந்திரம் அதைச் செய்யும். பாத்தியில் வாரி, குவித்து, மூட்டை கட்டி விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு அது எளிதன்று. மேலும் உப்பளத்தில் விளைவதெல்லாம் சமையலறைக்குப் போவதில்லை. மீன் பதப்படுத்தவும் தோல் பதனிடவும் இரசாயன ஆலைகளுக்கும் போகும் உப்புக்கு அயோடின் தேவையில்லை. அத்தகைய மூட்டை உப்பு இடையில் வழிமாறி வீட்டுக்கு வந்துவிடுவதே சிக்கல்.

2018–19-இல் நாடு முழுவதும் நடந்த அயோடின் ஆய்வில், போதிய அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் 76.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் இது 61.9 விழுக்காடு; மாநிலங்களிலேயே மிகக் குறைவு. ஜம்மு காஷ்மீரிலோ ஏறக்குறைய எல்லா வீடுகளும். உப்பு விளையாத, கழலையை நேரில் கண்ட மலைநாட்டில் அயோடின் உப்பு முழுமையாகச் சென்று சேர்ந்திருக்கிறது. உப்பளங்கள் அருகிலுள்ள, சில்லறைக் கல்லுப்பு எளிதில் கிடைக்கும் கடற்கரை மாநிலத்தில் அது சேரவில்லை. இதில் வியப்பில்லை. தூள் உப்பு இரசாயனம், கல்லுப்பே இயற்கை என்ற எண்ணமும் இங்கு வேரூன்றியிருக்கிறது. உண்மையில் கல்லா தூளா என்பது கேள்வியே அன்று. அயோடின் சேர்த்த கல்லுப்பும் விற்பனைக்கு உண்டு. பையின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கலாம். கல்லுப்பில் அயோடேட் பெரும்பாலும் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதால், அழுக்குப் போகட்டும் என்று அதைக் கழுவினால் அயோடினும் கழுவப்பட்டுவிடும்.

வாங்கிய உப்பைத் திறந்த சாடியில், அடுப்புக்குப் பக்கத்தில், ஈரம் படும்படி வைத்தால் அயோடின் மெல்லக் குறையும். மூடியிட்ட உலர்ந்த கலத்தில் வைப்பது நல்லது. சமைக்கும்போது சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு இழப்பு நேரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது; குழம்பை இறக்கும் நேரத்தில் உப்பிட்டால் அது குறையும். கடை உப்பில் அயோடின் உண்டா என்று பார்க்கச் சிறு சோதனைப் புட்டிகள் உள்ளன. இவற்றைச் சென்னையிலுள்ள ஒரு நிறுவனம் தயாரித்துப் பல நாடுகளுக்கும் அனுப்பிவந்தது. மாவுச்சத்து கலந்த கரைசலை உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால், அயோடேட் இருக்குமானால் நீலநிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு அயோடின்.

இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லும் மருத்துவ அறிவுரைக்கும் இதற்கும் முரண் இருப்பதாகச் சிலர் கருதுவர். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவு, நாளுக்கு 10 கிராம் உப்பு உண்பவரை மனத்தில் கொண்டு அமைந்தது. அவருக்கு 150 மைக்ரோகிராம் கிடைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது போல் 5 கிராமாகக் குறைத்தால், அதே 150 மைக்ரோகிராம் கிடைக்க உப்பில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் இருக்க வேண்டும். உப்பு நுகர்வு குறைந்த நாடுகள் சேர்க்கும் அளவைச் சற்று உயர்த்திக்கொள்கின்றன. கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை எனப் பரிந்துரைக்கப்படுகிறது. தைராய்டு நோய்க்கு ஏற்கெனவே மருந்து உட்கொள்பவர்கள் அயோடின் உப்பைத் தாமாகவே நிறுத்திவிடாமல், தம் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.